விசிலோடு ஒரு முதலுதவிப் பெட்டி

(இளையோர் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கான ஒருநாள் முதலுதவிப் பயிற்சி முகாமில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய தொடக்க உரையின் எழுத்து வடிவம்.)



கபடி மாஸ்டர்கள், வாலிபால், கால்பந்து சொல்லிக்கொடுக்கும் தம்பிகள், சிலம்ப ஆசான்கள், பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சர்கள் என்று அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தை விட்டுவிட்டு வருவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நானும் முப்பது வருஷம் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டு அலைந்தவன்தான்.

நான் டாக்டர் இல்லை. டாக்டர் எனக்கு அப்புறம் பேசுவார், செய்தும் காட்டுவார். ஒரு தப்பு செய்தவன் என்ற முறையில்தான் நான் பேச வந்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

"முடியுமாடா?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. கபடி அரையிறுதி. என் பையன் ஒருவன், பத்தாம் வகுப்பு, ரெய்டு போனான். பிடிக்க வந்தவனுடைய முழங்கால் இவன் தலையின் பக்கவாட்டில் இடித்தது. விழுந்தான். சில நொடி அசையவில்லை. நான் ஓடினேன். "சோடா கொண்டாங்கடா"ன்னு கத்தினேன். மூஞ்சியில் தண்ணீர் தெளித்தோம். கண்ணைத் திறந்தான், எழுந்து நின்றான். சுற்றி நின்ற கூட்டம் கை தட்டியது.

"முடியுமாடா?" என்று கேட்டேன்.

"முடியும் சார்" என்றான்.

மீதி ஏழு நிமிஷம் ஆடினான். ஜெயித்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலில் சாய்ந்து தூங்கினான். களைப்பு என்று நினைத்து, "தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்று நான்தான் சொன்னேன். ராத்திரி வீட்டில் மூன்று தடவை வாந்தி. அப்புறம் கூப்பிட்டால் பதில் இல்லை. விடியற்காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் மண்டை ஓட்டைத் திறந்து, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள்.

பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது கையில் பழைய பிடி வரவில்லை. கபடி அன்றோடு முடிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க பக்கத்துலதானே சார் இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். இன்று வரைக்கும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்த மாதிரி முகாம் எங்கே நடந்தாலும் போய் நிற்கிறேன்.

என் தப்பு எங்கே என்று பாருங்கள். பையனுக்கு அடிபட்டது தப்பு இல்லை, விளையாட்டில் அடிபடும். "முடியுமாடா?" என்று அவனைக் கேட்டதுதான் தப்பு. பதினைந்து வயசுப் பையன் மாஸ்டர் முன்னால், கூட்டத்துக்கு முன்னால், முடியாது என்று சொல்லுவானா? முடிவெடுக்க வேண்டியவன் நான். அந்த முடிவை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாததால், அதை ஒரு குழந்தையின் தலையில் வைத்துவிட்டேன்.

தலையில் அடியா? அன்றைக்கு ஆட்டம் முடிந்தது

மண்டைக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்தால், நடுவில் கொஞ்ச நேரம் ஆள் நன்றாக இருப்பது போலவே தெரியலாம் என்று டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். பேசுவான், நடப்பான், சிரிப்பான். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். எழுந்து நின்றதை வைத்து "சரியாயிட்டான்" என்று முடிவு கட்டக் கூடாது.

நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்றும் நினைக்காதீர்கள். நினைவு தப்பாமலேயே மூளை அதிர்ந்திருக்கலாம். தலைவலி, தலைசுற்றல், கண் மங்கல், தள்ளாட்டம், சொன்னதையே திரும்பச் சொல்வது, முழித்துக்கொண்டு நிற்பது என்று எது இருந்தாலும் சந்தேகப்படுங்கள். சாதாரணமாக நாலு கேள்வி கேளுங்கள்: இது எந்த மைதானம்? இப்போ முதல் பாதியா, இரண்டாவது பாதியா? கடைசியா பாயிண்ட் எடுத்தது யாரு? போன மேட்ச் யாரோட ஆடினோம்? ஒன்றுக்குத் தடுமாறினாலும் வெளியே உட்கார வையுங்கள். நாலுக்கும் சரியாகப் பதில் சொல்லி, உங்கள் மனசில் சந்தேகம் மட்டும் இருந்தாலும் வெளியே உட்கார வையுங்கள். அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் கிடையாது. டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வர வேண்டும்.

வீட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். அப்பா அம்மாவிடம் நேரில் அல்லது போனில் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்ணின் கருமணி மட்டும் பெரிதாகத் தெரிவது, கை கால் பலவீனம் - இதில் ஒன்று வந்தாலும் உடனே 108. "தலைவலி மாத்திரை ஒண்ணு போட்டுக்க" என்று நீங்களாக எதையும் கொடுக்க வேண்டாம். சில வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

ஆள் விழுந்து, மூச்சு இல்லை என்றால்

2021 ஜூன் 12. கோபன்ஹேகன் நகரில் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து. டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் இடிக்காமலேயே மைதானத்தில் சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. அங்கேயே, புல் தரையிலேயே நெஞ்சை அழுத்தினார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில் அதே மனிதர் இங்கிலாந்தில் திரும்ப ஆட வந்தார். நல்ல ஆஸ்பத்திரி இருந்தது உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு அவர் உயிரோடு போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் மைதானத்தில் நடந்த வேலை.

நம் ஊர் மைதானத்தில் அந்த வசதி எல்லாம் கிடையாது. ஆனால் இரண்டு கை இருக்கிறது. இதயம் நின்றால் நான்கிலிருந்து ஆறு நிமிஷத்துக்குள் மூளை கெட ஆரம்பித்துவிடும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த முதல் நிமிஷங்கள் நம்முடையவை.

வரிசையைச் சொல்கிறேன், மனசில் வையுங்கள். தோளைத் தட்டி, சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடிக்குள் பாருங்கள். மீன் தண்ணீரை விட்டு வெளியே வந்தால் வாயைத் திறப்பது போல எப்போதாவது ஒரு தடவை இழுத்தால் அது மூச்சு இல்லை. மூச்சு நின்றதற்கான அடையாளம். ஒருவரைக் கையைக் காட்டிச் சொல்லுங்கள்: "நீ 108-க்குப் போன் பண்ணு, ஸ்பீக்கர்ல போட்டு என் பக்கத்துல வை." "யாராவது போன் பண்ணுங்க" என்று சொன்னால் யாரும் பண்ண மாட்டார்கள், எல்லாரும் வேறு யாரோ பண்ணியிருப்பார்கள் என்று நினைப்பார்கள்.

பிறகு கெட்டித் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மற்றக் கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். ஆழம் சுமார் 5 செ.மீ.; சின்னக் குழந்தை என்றால் நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. வேகம் நிமிஷத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுசாக மேலே வர விடுங்கள். பயிற்சி எடுத்தவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 ஊதல் கொடுக்கலாம். தெரியாதவர்கள் ஊதவே வேண்டாம், அழுத்திக்கொண்டே இருங்கள். ஆனால் நீச்சல் பயிற்சி தருபவர்கள் ஊதுவதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீரில் மூழ்கியவருக்குக் காற்றுத்தான் முதல் மருந்து.

இரண்டு நிமிஷத்தில் கை சோர்ந்துவிடும். ஆளை மாற்றுங்கள். அதனால் பயிற்சி உங்களுக்கு மட்டும் போதாது. உங்கள் அணியில் பெரிய பிள்ளைகள் நாலு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம் கூடுதலாக. கிரிக்கெட் பந்தோ, முழங்கையோ நெஞ்சில் ஓங்கிப் பட்டு, பையன் அப்படியே சரிந்தால் "மூச்சு பிடிச்சுக்கிச்சு, சரியாயிடும்" என்று காத்திருக்காதீர்கள். ஆரோக்கியமான இதயம்கூட அந்த அடியில் நின்றுபோகலாம். உடனே பாருங்கள், மூச்சு இல்லை என்றால் உடனே அழுத்துங்கள்.

கோடை முகாமும் வெயிலும்

ஏப்ரல், மே வந்தால் எல்லா ஊரிலும் கோடைக்காலப் பயிற்சி முகாம். அக்னி நட்சத்திரமும் அப்போதுதான். பயிற்சியைக் காலை வெயில் ஏறுவதற்கு முன்பும், மாலை வெயில் இறங்கிய பிறகும் வையுங்கள். தண்ணீர் குடிப்பதைத் தண்டனையாகவோ சலுகையாகவோ ஆக்காதீர்கள். "ரெண்டு ரவுண்டு ஓடினாத்தான் தண்ணி" என்று நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லக் கூடாது.

தலைசுற்றி, வியர்த்துக் கொட்டி, ஆனால் தெளிவாகப் பேசுகிறான் என்றால் நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்றே உயர்த்தி, உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆனால் பேச்சு குழறுகிறது, ஆள் அடையாளம் தெரியவில்லை, சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறான், விழுகிறான் என்றால் அது வெப்பத்தாக்கு. உடம்பு 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும் நிலை. வியர்வை இருந்தாலும் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் குளிர வையுங்கள். பம்புசெட்டுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், ஐஸ், ஈரத்துணி, விசிறி எது கிடைத்தாலும் சரி. முடிந்தால் பெரிய தொட்டியில் கழுத்து வரை நனைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கூடவே இருங்கள். முதலில் குளிர்ச்சி, அப்புறம்தான் பயணம். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா, ஜூஸ் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

நாம் வழக்கமாகச் செய்யும் தப்புகள்

நம் கைப்பழக்கத்தில் சிலதை விட வேண்டியிருக்கிறது. இதில் பெரும்பாலானவற்றை நானே செய்திருக்கிறேன்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து, இரும்பு கொடுப்போம். அதனால் பயன் இல்லை. வாயில் கரண்டியைச் செருகினால் பல் உடையும். அவரைப் பிடித்து அமுக்காமல், சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, தலைக்குக் கீழே துணியை வைத்து, எத்தனை நிமிஷம் நடக்கிறது என்று போனில் பாருங்கள். நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிஷத்தைத் தாண்டினாலோ, முதல் தடவை வருகிறதென்றாலோ 108.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்வோம். ரத்தம் தொண்டைக்குள் போகும். தலையை முன்பக்கம் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு அப்புவோம். வேண்டாம். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். சிறு சிராய்ப்புக்குக் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போதும்.

கை வளைந்திருந்தால் இழுத்து நேராக்குவோம், எண்ணெய் போட்டு உருவுவோம். கூடவே கூடாது. எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் அட்டையையோ, மடித்த செய்தித்தாளையோ, ஸ்டம்ப்பையோ வைத்து, முறிவுக்கு மேலும் கீழும் கட்டுங்கள். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ கட்டைத் தளர்த்துங்கள். எக்ஸ்ரே எடுக்கட்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

உயரத்திலிருந்து விழுந்தோ, தலைகீழாக இடித்தோ கழுத்து வலிக்கிறது என்றால் நாலு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அசையாமல் தலையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். மூச்சு நின்றால் மட்டும் அதற்குத்தான் முதலிடம்.

பல் விழுந்துவிட்டால் தூக்கிக் கூரையில் எறியாதீர்கள்! நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல், வெளியே தெரியும் பகுதியைப் பிடித்து எடுத்து, தேய்க்காமல் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. மைதானத்துக்கு எதிர்க் கடையில் பால் பாக்கெட் கிடைக்கும்தானே?

போலீஸ், கேஸ் என்ற பயம்

"சார், நெஞ்சை அமுக்கி ஏதாவது ஆயிடுச்சுன்னா எங்க மேல கேஸ் வந்துடுமே?" என்று எல்லா முகாமிலும் ஒருவர் கேட்பார். நியாயமான பயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆவது பிரிவு, சம்மதம் கேட்க முடியாத நிலையில் இருப்பவருக்கு, அவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் உதவியைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. பழைய சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. ஆனால் சட்டத்தின் கண்ணில் நல்லெண்ணம் என்றால் கவனத்தோடு செய்வது. அந்தக் கவனத்தைக் கற்றுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறீர்கள்.

இதயம் நின்ற ஒருவருக்கு நாம் அழுத்தி விலா எலும்பு முறியலாம். எலும்பு சேரும். அழுத்தாமல் விட்டால் சேர்வதற்கு ஆளே இருக்க மாட்டார்.

மைதானத்துக்கு ஒரு திட்டம், போனில் ஒரு தயாரிப்பு

எத்தனையோ மைதானத்தில் பெரிய கேட் பூட்டியே இருக்கும். பக்கத்தில் ஆள் நுழையும் சந்து மட்டும் திறந்திருக்கும். ஆம்புலன்ஸ் வந்து வெளியே நிற்கும், வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருப்பார். உங்கள் மைதானத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சாவி உங்களிடம் இருக்கட்டும்.

எல்லாரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதில் இவற்றைச் செய்துவையுங்கள்:

• 108 ஆம்புலன்ஸ், 112 அவசர உதவி, 104 மருத்துவ ஆலோசனை ஆகிய மூன்று எண்களையும் சேமியுங்கள். உயிர் போகும் அவசரத்துக்கு 108. "இதுக்கு என்ன செய்யலாம்" என்ற சந்தேகத்துக்கு 104.

• மைதானத்தின் சரியான முகவரி, பக்கத்தில் உள்ள அடையாளம், எந்த கேட் வழியாக வர வேண்டும் என்பதை மூன்று வரியில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயர்கூட மறந்துபோகும்.

• ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் எண், ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, ஒவ்வாமை, வழக்கமாக எடுக்கும் மருந்து ஆகியவற்றைச் சேர்க்கும்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள். அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்; அது அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம்.

• ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் வீட்டில் இருந்தால் பயனில்லை. அவன் பையில் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

• நெஞ்சை அழுத்தும் வேகம் கைக்கு வர, தாளம் தட்டும் செயலி ஒன்றை 110-இல் வைத்துப் பழகுங்கள்.

• யாராவது விழுந்து கிடக்கும்போது வீடியோ எடுப்பவரிடம், "தம்பி, அந்த போனை வச்சு 108-க்குப் பேசு" என்று சொல்லுங்கள். அவருக்கும் வேலை கிடைக்கும், நமக்கும் உதவி கிடைக்கும்.

பெட்டியில் என்ன வேண்டும்? கையுறை, பஞ்சுத்துணி, ரோலர் கட்டு, கிரேப் கட்டு, முக்கோணத் துணி, கத்தரிக்கோல், பிளாஸ்திரி, சோப்பு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள். ஒரு பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பெட்டி அலுவலக பீரோவில் பூட்டிக் கிடக்கக் கூடாது. பந்துப் பையோடு மைதானத்துக்கு வர வேண்டும். மாதம் ஒருமுறை திறந்து, தீர்ந்ததை, காலாவதியானதை மாற்றுங்கள்.

இன்று வாங்கும் சான்றிதழை மாட்டிவைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். கை மறந்துவிடும். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. வருஷத்துக்கு ஒருமுறையாவது திரும்பப் பழகுங்கள். நாம் ரெய்டையும் சர்வீஸையும் ஒரே நாளில் கற்றுக்கொடுத்து விட்டுவிடுகிறோமா என்ன?

கடைசியாக

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது எங்கள் ஊரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இடது கையால் அவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறான். மேட்ச் நடந்தால் கடையை மூடிவிட்டு ஸ்கோர் போட வந்துவிடுவான். போன வருஷம் ஒரு சின்னப் பையனுக்குத் தலையில் அடிபட்டது. அவனுடைய மாஸ்டர் குனிந்து ஏதோ கேட்கப் போனார். ஸ்கோர் மேசையிலிருந்து இவன் எழுந்து வந்து, "அவனைக் கேக்காதீங்க சார், வெளிய உட்கார வைங்க" என்றான். மாஸ்டர் உட்கார வைத்தார். அந்த மேட்ச் தோற்றுப்போனார்கள். பையன் மறுநாள் டாக்டரிடம் காட்டிவிட்டு, இரண்டு வாரம் ஓய்வெடுத்துவிட்டு, படிப்படியாகத் திரும்ப வந்தான்.

ஒரு அம்மா நம்மை நம்பித்தான் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புகிறார். கோப்பை வந்தாலும் வராவிட்டாலும், சாயங்காலம் பிள்ளை முழுசாக வீட்டுக்கு வர வேண்டும். நாளைக்கு யாராவது உங்களிடம் "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" என்று கேட்டால், "ஆமாம்மா, இருந்தேன், செய்ய வேண்டியதைச் செஞ்சேன்" என்று சொல்லும்படி இருங்கள்.

பேச்சு போதும். அந்த விரிப்பில் பொம்மைகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பொம்மைக்கு நாலு பேராக முட்டி போடுங்கள். டாக்டர் எண்ணுவார், நாம் அழுத்துவோம்.